வேணி செத்துப்போன வீடு

மழை பிடித்துக்கொண்டால் மற்ற வீடுகளில் துணி காயாத கவலை. ஜெயத்துக்குத் தாள் காயாத கவலை.

சாயப்பட்டறை வீதியில், மில்லின் பின்மதிலை ஒட்டியிருக்கும் வீடு அது. மில் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. உள்ளே வேலிக்காத்தான் மண்டி மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. ஆனால் மதிலின் ஈரம் மட்டும் ஒரு வருஷம் தவறாமல் ஐப்பசி பிறந்ததும் வேலைக்கு வந்துவிடும். முதலில் சுண்ணாம்பு பொரியும், பிறகு கறுப்பாகப் பூக்கும், அப்புறம் பீரோவின் முதுகைத் தொடும். அந்த மூன்று பீரோவுக்குள்ளேதான் எழுத்தாளர் சாமிக்கண்ணு இருக்கிறார். மனுஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. எழுதின தாள், எழுதி அடித்த தாள், எழுதலாமா என்று யோசித்துப் பாதியில் விட்ட தாள் எல்லாம் அங்கேதான். அவர் பெண்டாட்டி ஜெயம் அதற்குக் காவல்.

காவல் என்றால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்தால், ஒருநாள் வந்து பாருங்கள். பூச்சிக்கு வசம்பு வைக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறேன் என்று வருகிற பெண்களுக்குக் காப்பி போட வேண்டும். மறுபதிப்பு போடுகிறவர்கள் அனுப்புகிற அச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாய்ப் பார்க்க வேண்டும். போன் வந்தால், "எழுத்தாளர் வீடு" என்று சொல்ல வேண்டும். புருஷன் பேரை வாயால் சொல்கிற பழக்கம் ஜெயத்துக்கு இன்றுவரைக்கும் இல்லை. கூட்டம் என்றால் போய் முன்வரிசையில் உட்கார வேண்டும், பொன்னாடை போர்த்துவார்கள், வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கியவை ஒரு மூட்டை இருக்கிறது. மழைக்காலத்தில் ஜன்னல் இடுக்கில் அடைத்துப் பார்த்தாள். பொன்னாடை ஒரு சொட்டுத் தண்ணியைக் குடிக்காது. ஊரையே கூட்டிப் போர்த்துகிற துணி, ஒரு வீட்டுத் தரையைத் துடைக்க உதவாது.

அலுத்துவிட்டது. அதைச் சொல்லவும் அலுத்துவிட்டது. எழுபது நெருங்குகிற உடம்பு. பீரோவை ஓரம் நகர்த்தினால் முழங்கால் ரெண்டு நாளைக்குப் பேசாது.

அதனால்தான் மகன் அருள்முருகன் அந்தச் சேதியோடு வந்தபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவன் மின்துறையில் வேலை பார்க்கிறான், கருவடிக்குப்பத்தில் வீடு. சாமிக்கண்ணுவின் பேர்பெற்ற கதை ‘சங்கு ஊதாத காலை’யைப் படமாக எடுக்க ராஜ்கமல் என்று ஒரு டைரக்டர் கேட்கிறார். சம்மதித்தால், டவுனில் ஒரு கல்லூரியில் எழுத்தாளர் பேரில் ஒரு அறை ஏற்பாடு செய்து தருவது படக் கம்பெனியின் பொறுப்பு. பீரோ மூன்றும் அங்கே போய்விடும். பார்த்துக்கொள்ள ஆள் போடுவார்கள். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே வண்டி வரும்.

"அப்புறம் நீ நிம்மதியா என்கூட வந்து இரும்மா. சும்மா டிவி பாத்துக்கினு கெட."

"சும்மா கெடக்கறதுன்னா எப்பிடிடா அது?" என்று கேட்டாள் ஜெயம். கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

கையெழுத்துக்கு ஒருநாள் இருக்கும்போதுதான் கமலவேணி வந்தாள்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். வைத்திக்குப்பத்தில் படகெல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தன. மீன் இல்லை, ஏலம் இல்லை, மீன்காரிகள் எல்லாரும் வீட்டில். மத்தியானம் ஜெயம் ரசத்தைச் சுடவைத்துக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

"நாந்தான்."

உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ரெண்டு வீடு தள்ளி இருப்பவள்தான். குழாயடியில் தினம் பார்க்கிற முகம்தான். ஆனால் இந்த வாசலுக்கு அவள் வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜெயத்துக்கு முதலில் பயம்தான் வந்தது, யாருக்கு என்ன ஆச்சோ என்று.

"உள்ள வா வேணி."

"காலெல்லாம் ஈரம்."

"ஊடே ஈரமாத்தான் கெடக்கு. வா."

வந்தாள். சாக்கை உதறிக் கதவில் மாட்டினாள். கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தாள். அறுபத்தைந்து வயசுக்கு முதுகு கூனாமல் நேராக இருந்தது. கூடை சுமந்த கழுத்து.

"காப்பி போடட்டா?"

"அப்புறமாப் பாத்துக்கலாம். சினிமாவா எடுக்கறாங்களாமே?"

"ஆமா. எம்புள்ள ஏற்பாடு."

"அஞ்சாறு நாளைக்கு முன்ன வெயில் காட்டுச்சி இல்ல, அன்னிக்கு நான் வாசல்ல கருவாடு ஒணத்திக்கினு இருந்தேன். ரெண்டு பசங்க வந்தானுங்க, கழுத்துல கேமராவ மாட்டிக்கினு. ‘ஆயா, இந்த வீதியில வேணி செத்துப்போன ஊடு எது?’ன்னு கேக்கறானுங்க."

ஜெயத்தின் கையில் கரண்டி நின்றுவிட்டது.

"நீ என்னா சொன்ன?"

"இதாம்ப்பான்னேன். வேற என்னாத்தச் சொல்றது? நல்லா சுத்திச் சுத்திப் போட்டோ புடிச்சானுங்க. நான் குறுக்க நிக்கறனாம். ‘கொஞ்சம் நகந்துக்க ஆயா, மறைக்குது’ன்னான் ஒருத்தன். நகந்துக்கினேன்."

ஜெயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமலவேணியும் சிரித்தாள். ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

அந்தக் கதையைப் படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். மில் கதவடைப்பு. வேணியின் புருஷன் திருப்பூருக்கு ஓடிவிடுகிறான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேணி கஞ்சிக்கும் வழியில்லாமல் கிடக்கிறாள். காய்ச்சல் வருகிறது. என்றைக்காவது மில்லுச் சங்கு ஊதும் என்று காத்திருக்கிறாள். ஒரு நாள் விடியக்காலம் சங்கு ஊதுகிறது, வேணி பாயில் செத்துக் கிடக்கிறாள், குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சங்குச் சத்தத்துக்குச் சிரிக்கிறது. படித்துவிட்டு அழாதவர்கள் கிடையாது. சாமிக்கண்ணுவைச் சாமிக்கண்ணு ஆக்கினதே அந்தச் சாவுதான்.

கதவடைப்பு நிஜம். புருஷன் ஓடினது நிஜம். காய்ச்சல்கூட நிஜம். வேணி என்ற பேர், மூன்றாவது வீடு, வாசலில் முருங்கை மரம் எல்லாம் நிஜம். சாவு ஒன்றுதான் பொய். நிஜக் கமலவேணி காய்ச்சல் விட்டதும் எழுந்து, பிள்ளையை ரெண்டு வீடு தள்ளி விட்டுவிட்டு, அதாவது இந்த ஜெயத்திடம் விட்டுவிட்டு, வைத்திக்குப்பத்துக்கு நடந்துபோய்க் கடனுக்கு ஒரு கூடை காரப்பொடி மீன் வாங்கி மார்க்கெட்டில் உட்கார்ந்தாள். பாகூர் பக்கத்துக் குடியானவ வீட்டுப் பெண். மீன் தின்பார்களே தவிர, விற்று அறியாத குடும்பம். முதல் நாள் கூவத் தெரியாமல் அழுதுகொண்டே விற்றாளாம்.

அந்த வருஷம் தீபாவளி மலரில் கதை வந்தது. பாகூர் பக்கத்து டீக்கடையில் யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் ஓடிப்போய்க் கமலவேணியின் அண்ணன் சக்கரபாணியிடம் சொல்லிவிட்டான். பேர் சரி, வீதி சரி, புருஷன் ஓடினது சரி. எழுதினவர் ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவர், அவருக்குத் தெரியாதா? அப்படியானால் தங்கச்சி செத்துவிட்டாள், மில்லுக்காரப் பயல்கள் பொறந்த வீட்டுக்குச் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள்! கதை என்றால் நடக்காததையும் எழுதுவார்கள் என்று அந்த ஜனங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அச்சில் வந்தால் நடந்ததுதான். வேன் பிடித்து வந்துவிட்டார்கள். பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு வீதியில் இறங்கினார்கள். அண்ணி பார்வதி வாசலில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். பொறந்த வீட்டுக் கோடிச்சேலையை, பிணத்துக்குப் போர்த்துகிற புதுச்சேலையை, தாம்பாளத்தில் வைத்து வாசற்படியில் வைத்தார்கள், மாலையோடு. ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது வீதி முனையிலிருந்து கமலவேணி தலையில் காலிக்கூடையோடு வந்து நின்றாள்.

இதுவரைக்கும்தான் சாமிக்கண்ணு மேடையில் சொல்வார். "கதைக்குச் சாவுன்னு எழுதினேன், சனங்க கோடி எடுத்துக்கினு வந்துட்டாங்க! இதைவிட ஒரு எழுத்தாளனுக்கு என்னா விருது வேணும்?" என்பார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். கதைப்புத்தகத்தின் முன்னுரையிலும் அது இருக்கிறது. அவர் போனபிறகு காப்பி கொடுக்கிறபோதெல்லாம் ஜெயம் அதைச் சொன்னாள். எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பாள்! அவளும் அதே இடத்தில்தான் நிறுத்துவாள்.

"அப்புறம் என்னா ஆச்சின்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் கமலவேணி.

"உங்கண்ணன் சத்தம் போட்டுட்டுப் போனான். பாத்தேன்."

"சத்தம் போடல. எங்கூடையப் பாத்தான். மோந்து பாத்தான். ‘மீனு விக்கிறியா?’ன்னான். நான் பேசல. தாம்பாளத்துல இருந்த சேலையக் காட்டி, ‘கோடி போட்டாச்சி. உனக்கும் எங்களுக்கும் இருந்த மொறை முடிஞ்சிச்சி’ன்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டான். அவ்ளோதான்."

"கோவத்துல சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். பொங்கலுக்குச் சீரு வரும்னு பாத்தேன். வரல. அடுத்த பொங்கலுக்கும் வரல. ஆளு உட்டுக் கேட்டா, பார்வதி சொல்றா, ‘கோடி போட்ட ஊட்டுக்கு யாராவது பொங்கச் சீரு செய்வாங்களா?’ன்னு. செய்யாம இருக்க அவளுக்கு ஒரு சாக்கு ஆப்டுச்சி. கதையில செத்தேன், அவங்களுக்கு நெஜமாவே செத்துட்டேன். கலைமகளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினேன், ஞாபகம் இருக்கா?"

ஜெயத்துக்கு ஞாபகம் இருந்தது. அழைப்பில்லை, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு யார் அழைப்பார்கள்? ரேடியோ செட்டு பாட்டு மட்டும் மூன்று வீடும் அதிரக் கேட்டது. கலைமகள் ஜெயத்தின் இடுப்பில் கிடந்த குழந்தை. அன்றைக்கு ஜெயம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாய்மாமன் வரணும் இல்ல? மாமன் இல்லாம பொண்ண மணையில உக்கார வச்சிட்டு வாசலப் பாத்துக்கினு நிக்கறேன். வந்த சனமெல்லாம் கிசுகிசுன்னு பேசுது. ஏலம் போடற சின்னக்கண்ணு வந்திருந்தாரு, வைத்திக்குப்பத்து ஆளு. பாத்தாரு. எழுந்து போயி, எங்கயோ ஒரு பட்டுப் பாவாடைய வாங்கிக்கினு, தட்டெடுத்துக்கினு வந்து நான்தான் மாமன்னாரு. எங்க சாதி இல்ல, ஒறவு இல்ல. எம்மானத்த அவுருதான் காப்பாத்துனாரு. உங்க ஊட்டு எழுத்தாளரு அன்னிக்கு டவுன்ல கூட்டத்துல எங்கோடிச் சேலையப் பத்தி பேசிக்கினு இருந்தாரு. மறுநாள் பேப்பர்ல போட்டிருந்தான்."

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஜெயம் அணைத்தாள்.

"எனக்குத் தெரியாது வேணி."

"நீ கேக்கல. கோடி வந்த அன்னிக்கே வந்து அவுருகிட்ட கேட்டேன், ஏன் சாமி என்ன சாவடிச்சீங்கன்னு. ‘அது நீயில்லம்மா, அது ஒரு பாத்திரம்’னாரு. அப்ப எம்பேரு எதுக்கு, எம்முருங்க மரம் எதுக்குன்னேன். சிரிச்சாரு. நீ உள்ள இருந்து என்னா சொன்ன தெரியுமா?"

"காப்பி குடிச்சிட்டுப் போன்னேன்."

"ஆங். அதான் சொன்ன."

வெளியே மழை ஓட்டு விளிம்பிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. ஜெயம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது.

"இப்ப என்னா செய்யணும்ன்ற? எடுக்க வாணாம்னு சொல்லிடட்டா?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லல. எடுக்கட்டும். நான் மட்டும் சாவக்கூடாது."

"அவுரு எழுத்துல ஒரு புள்ளிய மாத்த உட்டதில்ல நானு."

அது வெறும் பேச்சில்லை. பாடப்புத்தகத்தில் அந்தக் கதையைப் போட்டபோது வேணி மில் முதலாளியைத் திட்டுகிற ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். ஜெயம் புத்தகத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறி, ஒவ்வொரு மேசையாக நின்று, மறு அச்சில் அந்த வரியைத் திரும்பப் போடவைத்தாள். படுத்த படுக்கையில் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது அது ஒன்றுதான். எதையும் மாத்த உடாதே ஜெயம்.

"சத்தியம் வாங்கிட்டுப் பூட்டாரு," என்றாள்.

"அவுருக்குச் சத்தியம் பண்ண. சரி. எனக்கு?" கமலவேணி எழுந்து சாக்கை எடுத்தாள். "எங்கண்ணன் படுத்த படுக்கையா இருக்கானாம். பேரப்புள்ளைங்க ஆளுக்கொரு போனு வச்சிக்கினு இருக்குதுங்க. படம் வந்தா அதுல போட்டுக் காட்டும். ‘அதாண்டா, செத்துப்போச்சே, தாத்தா தங்கச்சி’ன்னு. மறுக்கா ஒரு தபா என்ன எடுத்துப் போடுவாங்க. எனக்குத் தெம்பில்லக்கா."

முப்பத்தைந்து வருஷம் கழித்து அக்கா என்று கூப்பிட்டுவிட்டுக் காப்பி குடிக்காமல் போனாள்.

அன்றைக்கு ராத்திரி ஜெயம் தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் பத்து மணிக்கு ராஜ்கமலை அழைத்துக்கொண்டு அருள்முருகன் வந்தான். டைரக்டர் நல்ல பிள்ளை. அதைச் சொல்லிவிட வேண்டும். செருப்பை வாசலிலேயே விட்டான், காலில் விழுந்தான், கதையை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொன்னான். பதினோராம் வகுப்பில் அதைப் படித்துவிட்டுச் சோறு இறங்கவில்லை என்றான். ஜெயம் காப்பி கொடுத்தாள்.

"அம்மா, ஒரு சின்ன ஆசை. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்தக் கோடி எடுத்துக்கிட்டு வந்த கதையை உங்க வாயால சொல்லணும். படத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அதைப் போடலாம்னு இருக்கேன். பிரமாதமா இருக்கும்மா."

கூட வந்தவன் கேமராவை எடுத்து வைத்தான். அருள்முருகன் அம்மாவின் முந்தானையைச் சரிசெய்தான்.

ஜெயம் சொன்னாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை, நாக்கு தானாக ஓடியது. தீபாவளி மலர், டீக்கடை, வேன், ஒப்பாரி, தாம்பாளம். வீதி முனையில் காலிக்கூடையோடு கமலவேணி வந்து நின்ற இடம் வந்தது. டைரக்டர் சிரிக்கத் தயாராக இருந்தான். அருள்முருகன் ஏற்கெனவே சிரித்துவிட்டான். ஜெயம் நிறுத்தவில்லை.

"அண்ணங்காரன் கூடைய மோந்து பாத்தான். கோடி போட்டாச்சி, மொறை முடிஞ்சிச்சின்னு சொல்லிட்டுப் பூட்டான். அதுக்கப்புறம் அவளுக்குப் பொறந்த ஊட்டுல இருந்து பொங்கச் சீரு வரல. பொண்ணு மஞ்சத்தண்ணிக்குத் தாய்மாமன் வரல. மீனு ஏலம் போடற ஒரு மனுஷன் மாமனா வந்து நின்னாரு. அன்னிக்கு இவுரு டவுன்ல இந்தக் கதையச் சொல்லிக் கைத்தட்டு வாங்கிக்கினு இருந்தாரு. நானும் இத்தினி நாளா சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தேன்."

கேமராக்காரன் நிறுத்துவதா வேண்டாமா என்று டைரக்டரைப் பார்த்தான்.

"இதை அப்பா சொன்னதே இல்லியேம்மா," என்றான் அருள்முருகன்.

"அவுருக்குத் தெரியாது. கேக்கல. பக்கத்துல இருந்த நானும் கேக்கல." ஜெயம் டைரக்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா வேணி சாவக்கூடாது. அவ எழுந்து போயி மீனு விக்கட்டும். அதான் நடந்துச்சி."

ராஜ்கமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சாவுதாம்மா கதையே. சங்கு ஊதுது, அவ இல்ல. அதுக்காகத்தான் நான் இந்தப் படத்தையே எடுக்கறேன். அவ எழுந்து மீன் விக்கப் போனா அது வேற கதை."

"வேற கதைதான். அத எடேன்."

"அத சார் எழுதலியேம்மா."

"எழுதல. அவுரு எழுதினது தப்பு."

சொல்லிவிட்டாள். இந்த வீட்டில், அந்த மூன்று பீரோவுக்கு முன்னால், அந்த வார்த்தையை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. சொன்ன வாயையே பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அருள்முருகன் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"என்னாம்மா பேசற நீ? ஒரு வரி மாத்துனதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போயி சண்டை போட்ட ஆளு நீ. இப்ப கடைசியையே மாத்துன்ற. நாளைக்கு ஊர்ல என்னா சொல்வாங்க? பொண்டாட்டியே அப்பா எழுத்தக் கொன்னுட்டான்னு எழுதுவாங்க."

"எழுதட்டும்."

"அந்தம்மா வந்து அழுதாங்களா?"

"அழல. அழுதிருந்தாக் காப்பி குடுத்து அனுப்பியிருப்பேன்."

"அலுத்துப்போச்சி, முடியலன்னு நீதானம்மா சொன்ன? உனக்காகத்தான் நான் இந்தாளு பின்னாடி ஆறு மாசமா அலைஞ்சேன். நீ போடலன்னா திங்கக்கெழம வண்டி வராது. ரூம் கெடையாது. மறுபடியும் நீதான் இந்த பீரோவத் தள்ளிக்கினு கெடக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்டா." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு முடியலதான். போய்ப் படுத்துடணும்னுதான் இருக்கு. ஆனா அவள சாவடிச்சிட்டு எப்பிடிடா நான் போய்ப் படுக்கறது?"

கையெழுத்து ஆகவில்லை. ராஜ்கமல் கும்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்லுங்கம்மா, நானும் யோசிக்கிறேன் என்று போனான். மகன் மிச்சக் காப்பியைக் குடிக்காமல் வண்டியை உதைத்தான்.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜெயம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு வீடு தாண்டிப் போனாள். எத்தனை தடவை கடந்துபோன வாசல்! மீன் விற்று எழுப்பிய வீடு, மேலே ஒரு மாடி, படிக்கட்டுக்குக் கீழே கழுவிக் கவிழ்த்த கூடைகள். கமலவேணி உள்ளே நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். குழம்புக்கு மொச்சை வெந்துகொண்டிருந்தது.

"வாக்கா. மொறத்த அப்பால தள்ளிட்டு உக்காரு."

ஜெயம் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். எழுதினது தப்பு என்று சொன்னதையும் சொன்னாள். கமலவேணி நன்றி சொல்வாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தால் அது அவள் தப்பு.

"என்னாது? அப்ப படமே இல்லியா?"

"சாவாம எடுக்கமாட்டேன்றான்."

"அதுக்கு உட்டுட்டு வந்துடுவியா? நான் மார்க்கெட்டு பூரா சொல்லி வச்சிட்டனே! அரியாங்குப்பத்துல கலைமகளுக்குப் போன் போட்டு, என்ன சினிமாவுல காட்டப் போறாங்கடின்னு சொல்லியிருக்கேன். மாமியார் ஊட்டுல அத்தினி பேருக்கும் சொல்லிட்டாளாம்."

"நீதான சாவக்கூடாதுன்ன?"

"சாவக்கூடாதுன்னேன். எடுக்கக்கூடாதுன்னா சொன்னேன்? நல்ல ஆளுக்கா நீ! வெல படியலன்னா ஒரே வார்த்தையில கூடையத் தூக்கிக்கினு வந்துடுவியா? இழுத்துப் பேசமாட்டியா?"

"எனக்கு அதெல்லாம் வராது. வேணும் வேணாம், ரெண்டுதான் எனக்குத் தெரியும்."

"பதினாறு வருஷமா இதத்தான் பாத்தியா நீ?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கமலவேணி. கருவாட்டுச் செதில் நெற்றியில் ஒட்டியது. மறுபடி கிள்ளத் தொடங்கினாள். பிறகு வேறு குரலில் கேட்டாள். "ஏங்க்கா, அவுரு ஏன் என்ன சாவடிச்சாரு? நீயாவது கேட்டியா?"

ஜெயம் கேட்டிருந்தாள். கதையை முதலில் படித்தது அவள்தான். கமலவேணி அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், குழந்தை ஜெயத்தின் மடியில் இருந்தது. ‘அவதான் நல்லாயிட்டாளே, ஏன் இப்பிடி எழுதினீங்க?’ என்று கேட்டாள்.

"கேட்டேன். உசுரோட இருந்தா எவன் படிப்பான்னாரு."

கமலவேணி கிள்ளுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று ஜெயம் நினைத்தாள். அவள் முகம் அப்படியே ஓய்ந்துபோனது, சந்தை முடிந்து கடைசிக் கூறு விற்காமல் கிடக்கும்போது ஓய்ந்துபோகிற மாதிரி.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

ஜெயத்தின் இடுப்பில் போன் அடித்தது. ராஜ்கமல். ஜெயம் காதில் வைத்தாள். அவன் பேசிக்கொண்டே போனான். யோசித்துப் பார்த்தானாம், மனசு கேட்கவில்லையாம், உங்களைக் கஷ்டப்படுத்த இஷ்டமில்லை, ஆனாலும் அந்தச் சாவில்லாமல் தன்னால் படத்தை நினைக்கவே முடியவில்லை, சாரின் ஆத்மாவே அதில்தானே இருக்கிறது, அனுமதி கொடுக்கிற உரிமை உங்களிடம்தானே இருக்கிறது அம்மா.

"என்கிட்ட இல்ல தம்பி," என்றாள் ஜெயம். "நான் வெறும் எழுத்துக்குத்தான் காவல். உசுருக்குச் சொந்தக்காரி இங்க இருக்கா. அவகிட்டக் கேளு."

போனை நீட்டினாள். கமலவேணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யாரு, அவனா என்று கண்ணாலேயே கேட்டு, வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஹலோ, யாருங்க பேசறது?" என்று அந்தப் பக்கம் கேட்டது ஜெயத்துக்கே கேட்டது.

"நாந்தாம்ப்பா. வேணி. உங்கதையில செத்துப்போனவ."

கமலவேணி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பயப்படாத. இருக்கியா? வெல பேசறதுக்கு முன்னால மீனச் செவுளத் தூக்கிப் பாப்ப இல்ல? நீ என்ன இன்னும் பாக்கவே இல்ல. உங்க பசங்க வந்தானுங்க, அவனுங்களும் ஊட்டப் படம் புடிச்சிட்டு என்ன நகந்துக்கச் சொல்லிட்டுப் பூட்டானுங்க. நாளைக்கு நீ வா. கருவாட்டுக் கொழம்பு வைக்கறேன், சாப்புடு. ஒக்காந்து என்ன நல்லாப் பாரு. பாத்துட்டு, இவ சாவணும்னு உனக்குத் தோணுச்சின்னா, எம்மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ."